எந்த ஆண்டு ஃபெண்டர் பேஸ் கித்தார் சிறந்தது? வாங்கும் முன்பும் விற்கும் முன்பும் அறிய வேண்டியவை

ஜொகூர் பாரு: கல்யாண விருந்தானாலும் தோட்டத்துக் கோவில் திருவிழாவானாலும் ஜொகூர் தமிழர் நிகழ்ச்சிகளில் இசைக்குழுவுக்குத் தனி இடம் உண்டு. பாடகருக்கும் கீபோர்டுக்கும் கிடைக்கும் கைதட்டல், பின்வரிசையில் டிரம்ஸ் பக்கத்தில் நிற்கும் பேஸ் கித்தார் கலைஞருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆனால் அவர் இரண்டு வரி வாசிக்காமல் விட்டால் பாட்டுக்கு அடித்தளமே இல்லாதது போலாகிவிடும்.

அந்தக் கலைஞர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். வார இறுதி நிகழ்ச்சிகளில் கிடைக்கும் பணத்தைச் சேர்த்து வைத்து, ஒரு நாள் நல்ல ஃபெண்டர் பேஸ் வாங்க வேண்டும் என்று காத்திருப்பார்கள். பழைய கருவியைத் தேடிப் போகும்போது விற்பவர் சொல்லும் முதல் வார்த்தை ஆண்டுதான். “இது அறுபத்திரண்டு.” “இது ஒரிஜினல் எழுபத்தைந்து.” அந்த இரண்டு இலக்கம் விலையைப் பல மடங்கு ஏற்றிவிடும்.

மறுபக்கத்தில், அப்பாவோ தாத்தாவோ ஒரு காலத்தில் இசைக்குழுவில் வாசித்த பேஸ் கித்தார் வீட்டு அலமாரி மேல் கிடக்கும் குடும்பங்களும் உண்டு. அதன் ஆண்டு தெரியாமல் சில நூறு வெள்ளிக்குக் கொடுத்துவிட்டால், திரும்பக் கிடைக்காது. ஆக, எந்த ஆண்டு சிறந்தது என்ற கேள்வி ரசிகர்களின் பொழுதுபோக்கு வாதமாகத் தோன்றினாலும், வாங்குபவருக்கும் விற்பவருக்கும் அது கைப்பணம் சம்பந்தப்பட்டது.

முதலில் சுருக்கமான பதில்

ஃபெண்டர் நிறுவனத்தின் பேஸ்களில் இரண்டு வகை புகழ்பெற்றவை. ஒன்று பிரிசிஷன் பேஸ், மற்றொன்று ஜாஸ் பேஸ். பிரிசிஷன் என்றால் 1957 முதல் 1964 வரை, ஜாஸ் என்றால் 1960 முதல் 1964 வரை என்பதே உலகெங்கும் கலைஞர்களும் சேகரிப்பாளர்களும் பொதுவாக ஒப்புக்கொள்ளும் பொற்காலம். இதற்குள்ளும் 1962 என்ற ஆண்டுக்குத் தனி மதிப்பு உண்டு.

ஆனால் மேடையில் வாசித்துப் பிழைக்கும் ஒருவர் தன் பணத்தைப் போட ஏற்ற காலம் அதுவல்ல. அவருக்கு 1982 முதல் 1984 வரை ஜப்பானில் செய்யப்பட்டவை ஏற்றவை. நல்ல நிலையில் இருக்கும் பிற்காலக் கருவிகளும் உண்டு. காரணம் புரிய, ஒவ்வொரு காலகட்டத்திலும் தொழிற்சாலையில் என்ன மாறியது என்று பார்க்க வேண்டும்.

இரண்டு கருவி, இரண்டு குணம்

1951-க்கு முன் பேஸ் என்றால் ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய டபுள் பேஸ்தான். தூக்கிச் செல்வது கடினம், சத்தமான குழுவில் அதன் ஒலி கேட்காது, ஃப்ரெட் இல்லாததால் சுருதி பிசகாமல் வாசிக்க நீண்ட பயிற்சி வேண்டும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் பட்டறை வைத்திருந்த லியோ ஃபெண்டர், கித்தார் போலத் தோளில் மாட்டிக்கொள்ளும் மின்சார பேஸை 1951-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஃப்ரெட் இருப்பதால் சுருதி துல்லியமாக விழும் என்பதைச் சொல்லவே அதற்குப் ‘பிரிசிஷன்’ என்று பெயர். தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். இன்றுவரை பெரும்பாலான பேஸ்களுக்கு இதுவே அளவு.

1960-இல் வந்தது ஜாஸ் பேஸ். உடல் சற்றுச் சாய்வான வடிவம். பிரிசிஷனில் ஒரே இடத்தில் பிக்அப் இருக்க, ஜாஸில் இரண்டு தனித்தனி பிக்அப். கழுத்து நட் பக்கம் ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் அகலமே இருக்கும். அக்காலப் பிரிசிஷனில் அது ஏறத்தாழ 44 மில்லிமீட்டர். சிறிய கை உள்ளவர்களுக்கு ஜாஸ் எளிது.

ஒலியிலும் வேறுபாடு உண்டு. பிரிசிஷனின் ஒலி தடித்தது, நடுப்பகுதி பலமானது, டிரம்ஸோடு ஒட்டி நிற்கும். ஜாஸின் ஒலி தெளிவானது. விரல் அசைவு ஒவ்வொன்றும் கேட்கும். எந்த ஆண்டு என்று கேட்பதற்கு முன் எந்த வகை என்று முடிவு செய்வது நல்லது.

நம் காதுக்கு வந்த வழி

இந்தப் பகுதி மக்களுக்கு மின்சார கித்தார் குழு என்றால் என்ன என்று காட்டிய நிகழ்ச்சிகளில் ஒன்று பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்தது. 1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் ‘தி ஷேடோஸ்’ குழுவும் சிங்கப்பூர் ஹேப்பி வோர்ல்டு அரங்கில் வாசித்தார்கள். அப்போது அக்குழுவின் பேஸ் கலைஞராக இருந்த ஜெட் ஹாரிஸ், பிரிட்டனில் ஃபெண்டர் பேஸைக் கையில் எடுத்த முன்னோடிகளில் ஒருவர். அதன் பிறகு சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இளைஞர்களின் கித்தார் குழுக்கள் பெருகின. பினாங்கில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் ‘அலிகேட்ஸ்’ குழு தோன்றியது அந்த அலை அடித்த 1960களின் இறுதியில்தான்.

தமிழ்ப் பாட்டில் பேஸ் கித்தாரைக் கவனிக்க வைத்தவர் இளையராஜா. 1976-இல் ‘அன்னக்கிளி’ மூலம் அறிமுகமான அவர், அடுத்த ஆண்டுகளில் பேஸுக்குத் தாளத் துணை என்ற வேலையோடு நிற்காமல் தனி மெட்டே எழுதினார். அந்த மெட்டுகளைப் பல ஆண்டுகள் வாசித்தவர் சசிதரன். பின்னர் ஏ.ஆர்.ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸின் பேஸ் அதே போலப் பேசப்பட்டது. இன்று ஜொகூர் மேடையில் எண்பதுகளின் ராஜா பாட்டு வாசிக்கும் பேஸ் கலைஞருக்கு, ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்கும் கருவி தேவைப்படுவது இதனால்தான்.

1951–1956: தொடக்க காலம்

முதல் பிரிசிஷன்கள் தட்டையான ஆஷ் மரப் பலகையும் மேப்பிள் கழுத்தும் கொண்டவை. பிக்அப் ஒற்றைச் சுருள், ஆகவே மின்சார இரைச்சலைப் பிடிக்கும். 1954-இல் உடலின் விளிம்பு கைக்கும் வயிற்றுக்கும் இடிக்காதபடி சரிவாகச் செதுக்கப்பட்டது. இவை வரலாற்றுப் பொருள் என்ற வகையில் விலை மிகுந்தவை. ஆனால் பொது மேடையில் வாசிக்க வசதியானவை என்று பலரும் சொல்வதில்லை. ஜெனரேட்டரும் வண்ண விளக்குகளும் அருகில் இருக்கும் திருவிழா மேடையில் ஒற்றைச் சுருள் பிக்அப் ‘ம்ம்’ என்று முனகும்.

1957–1964: பொற்காலம் என்று சொல்வது ஏன்?

1957-இல் பிரிசிஷன் முழுதாக மாறியது. பிக்அப் இரண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடக்கும்படி இணைக்கப்பட்டது. தலைப்பகுதி பெரிதானது. இன்று கடையில் தொங்கும் பிரிசிஷனின் உருவம் அந்த ஆண்டில் வந்ததுதான். 1959-இல் விரல்பலகை மேப்பிளிலிருந்து ரோஸ்வுட்டுக்கு மாறியது. முதலில் தடித்த பலகையாக ஒட்டினார்கள். 1962-இன் நடுவில் வளைந்த மெல்லிய பலகைக்கு மாறினார்கள்.

ஜாஸ் பேஸின் தொடக்க மாதிரியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரட்டைக் குமிழ்கள் இரண்டு இருந்தன. 1962 வாக்கில் அவை தனித்தனி மூன்று குமிழ்களாயின. அடுக்குக் குமிழ் கொண்டவை எண்ணிக்கையில் குறைவு என்பதால் சேகரிப்பாளர்கள் அதிக விலை கொடுப்பார்கள். ஒலிக்காக மட்டும் பார்த்தால் மூன்று குமிழ் கொண்டவற்றைக் குறை சொல்ல முடியாது.

இந்த ஆண்டுகளின் புகழுக்கு மூன்று காரணம் உண்டு. முதலாவது வேலைத்தரம். பட்டறை இன்னும் லியோ ஃபெண்டர் கையில் இருந்தது. கழுத்தைக் கையால் இழைத்து உருட்டினார்கள், மேற்பூச்சு மெல்லிய நைட்ரோ செல்லுலோஸ்.

இரண்டாவது, அந்தக் கருவிகளில் பிறந்த இசை. மோடவுன் நிறுவனத்தின் எண்ணற்ற பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கையில் இருந்தது 1962 பிரிசிஷன். தடித்த வழவழப்பான தந்தி போட்டு, அதை அடிக்கடி மாற்றாமல், வலக்கையின் ஒரே விரலால் வாசித்தவர் அவர். ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்றால் 1962 ஜாஸ். அவர் ஃப்ரெட்களைப் பிடுங்கிவிட்டு, படகுக்குப் பூசும் எப்பாக்சியை விரல்பலகையில் பூசி வாசித்தார். அந்த ஒலிகளைக் கேட்டு வளர்ந்த காது, அந்த ஆண்டைத்தான் ‘சரியான ஒலி’ என்று நினைக்கிறது.

மூன்றாவதை விற்பவர்கள் சொல்லமாட்டார்கள். அறுபது ஆண்டுகளில் மோசமான கருவிகள் உடைந்தும் தூக்கியெறியப்பட்டும் போயின. நல்லவற்றையே மக்கள் காப்பாற்றி வைத்தார்கள். எஞ்சியவற்றைப் பார்த்துவிட்டு அந்த ஆண்டில் செய்தது எல்லாமே தங்கம் என்று நினைப்பது சரியல்ல. 1962-இலும் கழுத்து கோணியது உண்டு.

ஃபெண்டர் நிறுவனமே இந்தக் கேள்விக்கு ஒரு முறை பதில் சொல்லியிருக்கிறது. 1982-இல் தன் பழைய மாதிரிகளை மறுபடியும் செய்ய முடிவெடுத்தபோது, பிரிசிஷனில் 1957, 1962 ஆகிய இரண்டையும், ஜாஸில் 1962-ஐயும் தேர்ந்தெடுத்தது.

1965–1969: கைமாறிய பிறகு

1965 ஜனவரியில் ஃபெண்டர் நிறுவனத்தை சி.பி.எஸ். என்ற பெரிய அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. ‘சி.பி.எஸ்.ஸுக்கு முன்’, ‘சி.பி.எஸ்.ஸுக்குப் பின்’ என்று விலை பிரிவது இந்த நாளிலிருந்து. ஆனால் கையெழுத்துப் போட்ட மறுநாளே தரம் விழவில்லை. அதே ஆட்கள், அதே இயந்திரம், இருப்பில் இருந்த அதே மரம். ஆகவே 1965, 1966 ஆண்டுக் கருவிகள் அதற்கு முந்தியவற்றோடு ஒலியில் நெருக்கமாகவும் விலையில் சற்றுக் குறைவாகவும் இருக்கும்.

கண்ணால் அடையாளம் காணும் மாற்றங்கள் இந்தக் காலத்தில் வந்தன. விரல்பலகையில் களிமண் நிறப் புள்ளிகள் போய், முத்துப் போல மின்னும் புள்ளிகள் வந்தன. ஜாஸின் கழுத்துக்கு ஓரக்கட்டு போட்டார்கள். 1966-இல் புள்ளிகளுக்குப் பதில் சதுரக் கட்டங்கள் பதித்தார்கள். 1968 வாக்கில் மேற்பூச்சு தடித்த பாலியெஸ்டருக்கு மாறியது. பழையதை விரும்புவோர் குறை சொல்லும் மாற்றம் இது. ஆனால் வியர்வைக்கும் ஈரத்துக்கும் தாங்குவது இந்தத் தடித்த பூச்சுதான்.

1970கள்: எல்லாம் மோசமா?

எழுபதுகளின் ஃபெண்டர் என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. உற்பத்தி பெருகியது, தரம் ஒரே சீராக இல்லை. சில கருவிகளில் கழுத்து பொருந்தும் இடத்தில் இடைவெளி தெரியும். ஆஷ் மரத்தின் எடை கூடி, நான்கரை கிலோவைத் தாண்டியவை பல. மூன்று மணி நேரக் கல்யாணக் கச்சேரியில் தோளில் மாட்டி நிற்பவருக்கு அந்த அரை கிலோவின் அருமை தெரியும்.

ஜாஸில் எழுபதுகளின் தொடக்கத்தில் பின் பிக்அப்பை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் பிரிட்ஜ் பக்கம் நகர்த்தினார்கள். ஒலி கூர்மையானது. எழுபதுகளின் நடுவில் கழுத்தைப் பிடிக்கும் திருகு நான்கிலிருந்து மூன்றானது. இந்த மூன்று திருகு அமைப்பில் சரியாகப் பொருந்தாத கழுத்து பக்கவாட்டில் அசையும். பிரிசிஷன் நான்கு திருகோடுதான் இருந்தது.

ஆனாலும் மார்கஸ் மில்லர் கட்டைவிரலால் அடித்து வாசித்து உலகப் புகழ் பெற்றது 1977 ஜாஸில். ‘ரஷ்’ குழுவின் கெடி லீ அடகுக் கடையில் பார்த்து வாங்கியது 1972 ஜாஸ். பிற்காலத்தில் இந்த இரண்டு கருவிகளின் மாதிரியிலும் ஃபெண்டர் தனிப் பதிப்புகள் வெளியிட்டது. ஆக, எழுபதுகளின் பேஸை ஆண்டு பார்த்து ஒதுக்கவும் கூடாது, ஆண்டு பார்த்து நம்பவும் கூடாது. கையில் எடுத்து வாசித்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

1982–1984: ஜப்பான் கொடுத்த பதில்

எழுபதுகளில் அமெரிக்கத் தரம் தளர்ந்தபோது, ஜப்பானிய நிறுவனங்கள் பழைய ஃபெண்டரைப் பார்த்துச் செய்த நகல்கள் அசலை விட நன்றாக இருப்பதாகக் கலைஞர்களே சொல்லத் தொடங்கினார்கள். ஃபெண்டர் அவர்களோடு கூட்டுச் சேர்ந்தது. கண்டா ஷோக்காய், யமானோ காக்கி ஆகிய இரண்டு ஜப்பானிய வணிக நிறுவனங்களுடன் 1982-இல் ஃபெண்டர் ஜப்பான் உருவானது. கருவிகளைச் செய்தது மட்சுமோட்டோ நகரில் உள்ள ஃபுஜிஜென் தொழிற்சாலை.

முதல் தொகுதிகளின் எண் ஆங்கில எழுத்து ஜே.வி. என்று தொடங்கும். 1957, 1962 மாதிரிகளை அளவு பிசகாமல் செய்திருந்தார்கள். அதே தொழிற்சாலையில் ‘ஸ்குவையர்’ பெயரிலும் ஜே.வி. எண்ணோடு பேஸ்கள் வந்தன. பின்னாளில் ஸ்குவையர் என்றால் புதிதாகப் பழகுபவர்களுக்கான மலிவு வகை என்று ஆகிவிட்டதால், ஜே.வி. ஸ்குவையரின் மதிப்பு தெரியாமல் விற்பவர்கள் இன்றும் இருக்கக்கூடும். அடுத்து எஸ்.க்யூ. எழுத்தில் தொடங்கும் எண்கள் வந்தன. அவையும் நல்ல பெயர் பெற்றவை.

1962 அசல் ஜாஸ் பல பத்தாயிரம் வெள்ளி விலை போகும். அந்த விலையில் கார் வாங்கலாம். ஜப்பானிய ஜே.வி. அதில் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கும். வேலைத்தரத்தில் குறை சொல்ல இடம் குறைவு. திருவிழா மேடையில் மழைச்சாரல் பட்டாலும் மனம் பதறாமல் வாசிக்கலாம்.

அதற்குப் பின்

1985-இல் சி.பி.எஸ். ஃபெண்டரை விற்றுவிட்டது. வாங்கியது பில் ஷுல்ட்ஸ் தலைமையிலான நிறுவனத்தின் சொந்த அலுவலர்கள். கலிஃபோர்னியாவின் கொரோனா நகரில் புதிய தொழிற்சாலையும், மெக்சிகோவின் என்செனடா நகரில் மற்றொன்றும் எழுந்தன. அதன் பிறகு தரம் ஓரளவு சீராகவே இருக்கிறது. 1990களின் நடுவிலிருந்து அமெரிக்கத் தயாரிப்புகள் சிலவற்றின் கழுத்துக்குள் கிராஃபைட் கம்பி வைக்கிறார்கள். ஈரப்பதம் மிகுந்த நம் ஊருக்கு இது உதவியான மாற்றம்.

ஆண்டைச் சரிபார்ப்பது எப்படி?

விற்பவர் சொல்லும் ஆண்டை நம்பி எந்தப் பணமும் கொடுக்க வேண்டாம். கருவியே தன் வயதைச் சொல்லும்.

• வரிசை எண்: 1950களின் நடுவிலிருந்து 1976 வரை கழுத்தைப் பிடிக்கும் பின்தகட்டில் இருக்கும். 1960களின் முற்பாதியில் எல் என்ற எழுத்தோடு சில எண்கள் உண்டு. 1965 முதல் தகட்டில் பெரிய எஃப் எழுத்து. 1976-இலிருந்து எண் தலைப்பகுதிக்குப் போனது. அங்கே எஸ் என்றால் எழுபதுகள், இ என்றால் எண்பதுகள், என் என்றால் தொண்ணூறுகள். ஜப்பானியத் தயாரிப்பிலும் இ எழுத்து உண்டு என்பதால் நாட்டின் பெயரையும் பாருங்கள்.

• தகட்டு எண்ணை மட்டும் வைத்து ஆண்டை முடிவு செய்ய முடியாது. தொழிற்சாலையில் தகடுகளை வரிசைப்படி எடுத்துப் போடவில்லை. மேலும் தகட்டைக் கழற்றி வேறு கருவியில் மாட்ட ஐந்து நிமிடம் போதும். போலித் தகடுகளும் விற்பனையில் உள்ளன.

• கழுத்தின் அடிப்பகுதி: உரிமையாளர் அனுமதியோடு கழுத்தைக் கழற்றினால், உடலுக்குள் மறைந்திருக்கும் பகுதியில் தேதி பென்சிலிலோ மை முத்திரையிலோ இருக்கலாம். 1962 முதல் மை முத்திரை வழக்கமானது.

• குமிழின் அடியில் உள்ள மின்பாகம்: அதன் மேல் அச்சிட்ட எண்ணில் முதல் மூன்று இலக்கம் தயாரிப்பாளர், அடுத்து ஆண்டு, கடைசி இரண்டு இலக்கம் வாரம். எடுத்துக்காட்டாக 1376633 என்றால் சி.டி.எஸ். நிறுவனம், 1966, 33-வது வாரம். கருவி அந்தத் தேதிக்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் 1966-இல் ஃபெண்டர் இந்தப் பாகத்தை மொத்தமாக வாங்கி அடுத்த சில ஆண்டுகளும் பயன்படுத்தியது. ஆகவே அதை வைத்து ‘இது 1966-தான்’ என்று சொல்லவும் முடியாது.

• எல்லாத் தேதிகளும் சில மாத இடைவெளிக்குள் ஒத்துப்போனால் கருவி அசலாக இருக்க வாய்ப்பு அதிகம். கழுத்து 1964, மின்பாகம் 1973 என்றால் அது பல கருவிகளின் பாகம் சேர்த்த கலவை. வாசிக்க நன்றாக இருக்கலாம். ஆனால் 1964 விலை கொடுக்கக் கூடாது.

தேதி சரியாக இருந்தாலும் வாசித்துப் பாருங்கள். கழுத்தை நுனியிலிருந்து கண்ணால் நேராகப் பாருங்கள், முறுக்கு தெரிந்தால் வேண்டாம். மெல்லிய தந்தியில் 5 முதல் 7-வது ஃப்ரெட் வரை ஒவ்வொரு சுரத்தையும் நிறுத்தி வாசியுங்கள். ஃபெண்டர் பேஸ்களில் அந்த இடத்தில் ஒலி சீக்கிரம் செத்துப்போவது பழைய குறை. எந்த ஆண்டுக் கருவியிலும் இது இருக்கலாம்.

வீட்டில் பழைய பேஸ் இருந்தால்

முதல் விதி, எதையும் மாற்றாதீர்கள். பழையதாக இருக்கிறதே என்று புதுப் பெயிண்ட் அடித்தால் விலை ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்பது இந்த வணிகத்தில் எல்லாரும் அறிந்த கணக்கு. துருப்பிடித்த திருகு, உரிந்த பூச்சு, நிறம் மாறிய பிளாஸ்டிக் எல்லாமே அதன் வயதுக்குச் சாட்சி. பிக்அப் வேலை செய்யவில்லை என்றால், சுருளைச் சரிசெய்பவரிடம் காட்டலாம். கழற்றிய பழைய பாகம் எதையும் வீசக் கூடாது.

தலைப்பகுதி, பின்தகடு, உடல், பெட்டி ஆகியவற்றைப் படம் எடுத்து, ஒருவருக்கு மேற்பட்ட கடைக்காரர்களிடம் விலை கேளுங்கள். முதலில் வந்து அவசரப்படுத்துபவரிடம் அன்றே கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை. அப்பா அந்தக் கருவியோடு மேடையில் நிற்கும் பழைய படம் இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். வாங்குபவருக்கு அது ஆதாரம். விற்காமல் வைத்துக்கொண்டால் குடும்பத்துக்கு அதுவே சொத்து.

ஜொகூரின் ஈரத்தில் காப்பது

நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்ததும் மரம் ஈரத்தை இழுக்கும், கழுத்து வளையும். கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகி இதைச் சரிசெய்யலாம். பழைய மாதிரிகளில் அந்தத் திருகு கழுத்தின் அடியில் இருப்பதால், கழுத்தைத் தளர்த்தாமல் எட்டாது. பழக்கம் இல்லாதவர் செய்ய வேண்டிய வேலை அல்ல.

வாசித்து முடித்ததும் தந்தியையும் பிரிட்ஜையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலம் போடுங்கள். நைட்ரோ பூச்சு உள்ள பழைய கருவியை ரப்பர் அல்லது ஃபோம் பதித்த தாங்கியில் நாள் கணக்கில் வைக்காதீர்கள். பூச்சு இளகி ஒட்டிக்கொள்ளும்.

பாலம் தாண்டும் முன்

சிங்கப்பூரில் வாங்குபவர்களும் அங்கே கொண்டுபோய் விற்க நினைப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1960களின் நடுப்பகுதி வரையிலான ஃபெண்டர் விரல்பலகைகளில் பிரேசில் ரோஸ்வுட் பயன்படுத்தப்பட்டது. அந்த மரம் 1992 முதல் சைட்டிஸ் என்னும் அனைத்துலக உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ளது. மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள பட்டியல் அது. மலேசியா, சிங்கப்பூர் இரண்டும் அதில் உறுப்பு நாடுகள். உரிய அனுமதி இல்லாமல் எல்லை தாண்டினால் கருவி பறிமுதல் ஆகலாம். விலை பேசும் முன் அனுமதி பற்றி அதிகாரிகளிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பிற்கால ஜப்பானிய, மெக்சிகோ பேஸ்களில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது.

யாருக்கு எது?

சேகரிப்பவருக்கும் முதலீடாக நினைப்பவருக்கும்: 1957–1964 பிரிசிஷன், 1960–1964 ஜாஸ். எல்லாப் பாகமும் அசல் என்று உறுதியானால் மட்டும்.

பழைய அமெரிக்கக் கருவிதான் வேண்டும், ஆனால் பணம் அளவோடு என்பவருக்கு: 1965, 1966. அடுத்தபடியாக, எடை குறைந்து கழுத்து உறுதியாக இருக்கும் எழுபதுகளின் கருவி.

வாரம்தோறும் மேடையேறுபவருக்கு: 1982–1984 ஜப்பானிய ஜே.வி. அல்லது எஸ்.க்யூ. அது கிடைக்காவிட்டால் பிற்கால ஜப்பானியத் தயாரிப்பு.

முதல் பேஸ் வாங்கும் மாணவருக்கு: ஆண்டை மறந்துவிட்டு, கழுத்து நேராக உள்ள எந்தக் கருவியும். மிச்சப் பணத்தில் நல்ல ஆம்ப்ளிஃபையரும் ஒரு வருடப் பயிற்சியும் வாங்கலாம்.

ஜேமர்சன் கையில் இருந்த 1962 பிரிசிஷன், அவர் 1983-இல் மறைவதற்குச் சற்று முன் திருடு போனது. அது பிறகு கிடைக்கவே இல்லை. அவர் வாசித்ததை இன்றைய இளைஞர்கள் இன்று செய்த பேஸில் வாசித்துப் பழகுகிறார்கள். ஜொகூர் மேடையிலும் கேட்பவர்கள் தகட்டு எண்ணைப் பார்ப்பதில்லை. பாட்டு நிற்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ஆண்டை அறிந்து ஏமாறாமல் வாங்குங்கள். அதற்குப் பிறகு அந்த எண்ணை மறந்துவிட்டு வாசியுங்கள்.